நரி முத்திரை போட்ட கொம்பு

யானை உள்ளே நின்றால் யானை தெரியாது. அவ்வளவு உயரப் புல். அந்தப் புல்காட்டின் நடுவே குந்தாணி என்ற காண்டாமிருகம் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தது.

அதன் முதுகில் வெள்ளைச்சி என்ற உண்ணிக்கொக்கு உட்கார்ந்திருந்தது. லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் குரல் கொடுப்பார் அல்லவா, அந்த மாதிரி அது குரல் கொடுத்தது.

"வரலாம்... வரலாம்... கொஞ்சம் இடதுபக்கம் ஒடிச்சு... இன்னும் வரலாம்... போதும், போதும், நில்லுக்கா!"

குந்தாணி நின்றது. 'பொத் பொத்'தென்று சத்தம் கேட்டது. வேலை முடிந்தது.

"நேரா நடந்து வந்தாத்தான் என்னக்கா?" என்று வெள்ளைச்சி கேட்டது. தினமும் கேட்கிற கேள்விதான்.

"சீ! முகத்தைக் காட்டிக்கிட்டு யாராவது சாணி போட வருவாங்களா? உரல் மாமா காதுல விழுந்தா, வளர்த்த விதம் சரியில்லைன்னு சொல்வார்!"

சங்கதி இதுதான். அந்தக் காட்டுக் காண்டாமிருகங்கள் கண்ட கண்ட இடத்தில் சாணி போடுவதில்லை. எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் வரவேண்டும். அந்த இடத்துக்குச் சாணிமேடு என்று பெயர். இருபது அடி தள்ளியே திரும்பி நின்று, பின்னாலேயே நடந்து போவதுதான் மரியாதை.

அவர்களுக்குக் கண் மந்தம். எதிரே நிற்பது மரமா, மாமாவா என்பதே தெரியாது. ஆனால் மூக்கு அபாரம்! சாணிமேட்டை ஒரு சுற்று மோந்து பார்த்தால் போதும். ஊர்ச் செய்தி முழுக்கத் தெரிந்துவிடும். நமக்குக் காலையில் பேப்பர் வருகிறதே, அதுபோலத்தான்.

குந்தாணி திரும்பி நின்று மோந்தது.

"உரல் மாமா நேத்து மறுபடியும் வேலி தாண்டிப் போய்ப் பூசணிக்காய் தின்னிருக்கார். அம்மிப் பயலுக்கு வயித்துல ஏதோ கோளாறு." பிறகு அதன் குரல் தாழ்ந்தது. "ஆட்டுக்கல் அண்ணன் வாசனை காஞ்சுக்கிட்டே வருது வெள்ளைச்சி. இன்னும் ரெண்டு மழை பெஞ்சா சுத்தமாப் போயிடும்."

அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் கல்லுச் சாமான் பெயர்தான். பெரியவர் உரல். அவருடைய தங்கை மக்கள் ஆட்டுக்கல், குந்தாணி, அம்மி. குந்தாணியின் கன்றுக்குக் குழவி என்று பெயர். இதில் ஆட்டுக்கல் போன மாதம் இதே மேட்டருகில் சுடப்பட்டுச் செத்தது. சுட்டவர்கள் அதன் கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு, ஆற்றைக் கடந்து போய்விட்டார்கள்.

வேட்டைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். அவ்வளவு பெரிய புல்காட்டில் எங்கே போய்த் தேடுவது? மேட்டுக்குப் பக்கத்துப் புதரில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். காண்டாமிருகம் தானாகவே வரும். அதுவும் பின்பக்கமாக வரும்!

"இடத்தை மாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" என்றது வெள்ளைச்சி.

"மாத்துறதா?" என்று புல்லுக்குள்ளிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது. உரல் மாமாதான். "சொந்தக்காரங்க வாசனை எங்க இருக்கோ, அங்கதான் மேடு. வாசனையை மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போக முடியுமா? பேசாம உண்ணியைப் பொறுக்கு!"

வெள்ளைச்சி பேசாமல் உண்ணியைப் பொறுக்கியது.

அன்று மத்தியானம் எல்லாரும் சேற்றுக் குட்டையில் படுத்திருந்தார்கள். அப்போது சுழியன் என்ற நரி வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது.

"உங்க துக்கத்துல பங்கெடுத்துக்க வந்தேன் மாமா," என்றது.

"நீ பங்கெடுக்க வந்தா ஏதாவது கறி இருக்கணுமே!" என்றது வெள்ளைச்சி.

"இந்தக் கொக்குக்கு மூக்கும் நீளம், வாயும் நீளம்," என்று சொல்லிவிட்டு, நரி உரல் மாமாவின் காதருகே போய் உட்கார்ந்தது. "மாமா, நான் ஒண்ணு கேக்குறேன். வேட்டைக்காரனுக்கு உங்க மேல பகையா?"

"இல்லை."

"உங்க கறி வேணுமா?"

"கறியைத் தொடவே இல்லையே. அப்படியே விட்டுட்டுத்தான் போனான்."

"கொம்பு! கொம்புதான் வேணும்! அதை நீங்களே குடுத்துட்டா அவன் துப்பாக்கியைத் தூக்குவானா?"

"வலிக்குமே!" என்றது அம்மி.

"நகம் வெட்டினா வலிக்குமா? அடியோட பிடுங்கினாத்தான் வலி. மேலாக எடுத்தா மூணு வருஷத்துல மறுபடியும் முளைச்சுடும். அக்கரை வியாபாரிகிட்ட நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். கொம்பு அவனுக்கு, உயிர் உங்களுக்கு. எனக்கு ஏதோ ரெண்டு கருவாடு குடுப்பான். அவ்வளவுதான்!"

"அதை வச்சு அவங்க என்னதான் பண்றாங்க?" என்று குந்தாணி கேட்டது.

"காய்ச்சல் வந்தா அரைச்சுக் குடிக்கிறாங்க. காய்ச்சல் வராதவங்க கூடத்துல வச்சு அழகு பார்க்கிறாங்க."

"அரைச்சுக் குடிச்சாக் காய்ச்சல் போகுதா?"

"அதெல்லாம் நமக்கு எதுக்குக்கா? வாங்குறவன் தலைவலி!"

வெள்ளைச்சி குந்தாணியின் தலைக்குத் தாவியது. "வேண்டாம் மாமா! இப்ப திருட்டுத்தனமா நாலு பேர் வாங்குறான். வெளிப்படையா வித்தா நாற்பது பேர் வாங்குவான்!"

உரல் மாமா மெல்ல எழுந்து நின்றது. சேறு வழிந்தது.

"வெள்ளைச்சி, நீ பறக்கிறவ. வெடிச்சத்தம் கேட்டா ஒரு தட்டு தட்டிக் கிளம்பிடுவ. நாங்க எங்க போறது? காவல்காரங்க நாலே பேர். இந்தக் காட்டைச் சுத்தி வர நாலு நாள் ஆகும். அவங்க வடக்கே போனா இவன் தெற்கே வர்றான். ஒரு வருஷத்துல மூணு பேரைப் பறிகொடுத்துட்டேன். மூக்குல முளைச்ச ஒரு கட்டையைக் குடுத்தா உயிர் தங்கும்னா, குடுத்தா என்ன?"

மாமா சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொக்கு யோசித்து யோசித்து ஒன்று கேட்டது.

"சரி. நீங்களாக் குடுத்த கொம்பு எது, கொன்னு எடுத்த கொம்பு எதுன்னு வாங்குறவனுக்கு எப்படித் தெரியும்?"

நரி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல எழுந்து நின்று, முன்னங்காலைத் தூக்கிக் காட்டியது.

"இதோ! என் பாதம்! நாவல்பழச் சாறுல நனைச்சு, நீங்க குடுக்கிற கொம்புல ஒரு முத்திரை வைப்பேன். என் பாதம் பதிஞ்ச கொம்புதான் நல்ல கொம்பு. பதியாதது திருட்டுக் கொம்பு. அதை யாரும் வாங்கக்கூடாது!"

"முத்திரை!" என்று அம்மி வாயைப் பிளந்தது. அந்தக் காட்டில் இதுவரை யாருக்கும் முத்திரை போட்டதில்லை.

"நான் தரமாட்டேன்," என்றது குந்தாணி. "எனக்குக் கன்னு இருக்கு. புலி வந்தா என்ன செய்யுறது? நரிப்பாதத்தைக் காட்டியா விரட்டுறது? என் கொம்பு என் மூக்குலயே இருக்கட்டும்."

"கட்டாயமே இல்லைக்கா! விருப்பம் இருக்கிறவங்க மட்டும்!" என்று நரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

மறுநாள் சீப்பு என்ற முள்ளம்பன்றியைக் கூட்டிவந்தார்கள். எலும்பு, மான்கொம்பு எது கிடைத்தாலும் கொறிக்கிற பிராணி அது. உரல் மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தரையில் வைத்தது. சீப்பு கொறுக் கொறுக்கென்று அரைநாள் கொறித்தது.

"த்தூ! ருசியே இல்லை! என் நகத்தையே நான் கடிக்கிற மாதிரி இருக்கு. இதையா காசு குடுத்துக் குடிக்கிறாங்க?"

"அப்படின்னா அந்தப் பணக்காரங்களை அவங்க நகத்தையே கடிச்சுக்கச் சொல்லேன்!" என்றது வெள்ளைச்சி.

உரல் மாமாவின் கொம்பு விழுந்தது. பிறகு அம்மியின் கொம்பும் விழுந்தது. நரி கொட்டாங்கச்சியில் நாவல்பழச் சாற்றை வைத்துக்கொண்டு, பெரிய அதிகாரி மாதிரித் தொண்டையைச் செருமி, இரண்டிலும் பாதத்தைப் பதித்தது. ஊதா நிறத்தில் அழகாக விழுந்தது முத்திரை.

குழவி ஓடிவந்து மாமாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"தாத்தா, நீங்க எருமை மாதிரி இருக்கீங்க!"

"எருமைக்காவது ரெண்டு கொம்பு இருக்குடா," என்றது உரல் மாமா. அதற்கே கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த மாதம் முழுக்க ஒரு வெடிச்சத்தம்கூடக் கேட்கவில்லை. உரல் மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. வெள்ளைச்சியைப் பார்க்கும்போதெல்லாம், "என்னமோ சொன்னியே?" என்று கேட்டது. வெள்ளைச்சி வேறு பக்கம் பார்த்தது.

அடுத்த மாதம் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து அவ்வப்போது வெடிச்சத்தம் வந்தது. "அது நம்ம காடு இல்லை. இடியா இருக்கும்," என்றது உரல் மாமா.

நரிக்குத் தொந்தி விழுந்துவிட்டது. பக்கத்தில் வந்தாலே கருவாட்டு நாற்றம் தூக்கியது. இதில் வெள்ளைச்சிக்கு ஒரே ஒரு விஷயம் உறுத்தியது.

"சுழியா, உன் கால் ஏன் இன்னும் ஊதாவா இருக்கு?"

"நாவல்பழக் கறை. போகமாட்டேங்குது."

"ரெண்டு கொம்பு. ரெண்டு தடவை முத்திரை. அது வச்சு மாசம் ஒண்ணுக்கு மேல ஆச்சு. இது ஈரமா இருக்கே!"

"உனக்கு வேற வேலையே இல்லையா? போ, போய் உண்ணியைப் பொறுக்கு!" என்று நரி சீறிவிட்டு ஓடியது.

வெள்ளைச்சி உண்ணியைப் பொறுக்கவில்லை. மேலே எழும்பி, நரி போன வழியே பறந்தது.

ஆற்றின் வளைவில் நாணலுக்குள் ஒரு படகு மறைந்து நின்றது. அதில் இரண்டு வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். ஒருவனுக்குப் பெரிய மீசை. இன்னொருவன் ஓயாமல் இருமினான். நரி படகின் குறுக்குப் பலகையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. முன்னால் கொட்டாங்கச்சி. பக்கத்தில் கருவாட்டுக் கூடை.

மீசைக்காரன் சாக்கிலிருந்து ஒரு கொம்பை எடுத்து நீட்டினான். நரி பாதத்தை நனைத்துப் பதித்தது. ஒரு கருவாட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அடுத்த கொம்பு வந்தது. அதற்கும் ஒரு முத்திரை. ஒரு கருவாடு.

வெள்ளைச்சி நாணலில் ஒளிந்து எண்ணிப் பார்த்தது. கொடுத்தவர்கள் இரண்டு பேர். படகில் ஐந்து கொம்பு!

அந்த ஐந்தில் ஒன்றில் பக்கவாட்டில் ஒரு பிளவு இருந்தது. அந்தப் பிளவில்தான் வெள்ளைச்சி மூன்று வருஷமாகத் தினமும் மூக்கைத் தீட்டிக்கொண்டிருந்தது. அது ஆட்டுக்கல்லின் கொம்பு. கொன்று அறுத்த கொம்பு. அதன்மேல், தானாகவே கொடுத்தது என்று ஊதா முத்திரை!

"இன்னும் வேணும்னு அக்கரையில நச்சரிக்கிறாங்க," என்றான் மீசைக்காரன். "அதுகளாத் தந்த ரெண்டை மாதிரிக்குக் காட்ட வச்சுக்கிட்டு, முன்னே முத்திரை போட்ட மத்ததையெல்லாம் வித்தாச்சு. முன்னே போர்வைக்குள்ள மறைச்சு வாங்கினவன், இப்ப முத்திரையைக் காட்டி விருந்தாளிகிட்டப் பெருமை அடிக்கிறான். அவனைப் பார்த்து அவன் மச்சான் கேக்குறான்."

"அதுகளுக்குத் திரும்ப முளைக்க மூணு வருஷம் ஆகுமேண்ணே," என்று இருமல்காரன் இருமினான். "அதுவரைக்கும் எவன் காத்திருப்பான்?"

"அந்தக் குந்தாணி மூக்குல நல்ல கொம்பு இருக்கே. தருவாளா?" என்று மீசைக்காரன் நரியைக் கேட்டான்.

நரி நிதானமாக முள்ளைத் துப்பியது.

"தரமாட்டா. தரவேண்டாம். நாளைக்கு விடிஞ்சதும் மேட்டுக்கு வருவா. நீங்க எடுத்துட்டு வாங்க. நான் பாதத்தை வச்சா, தந்ததுதான்!"

வெள்ளைச்சி பறந்த வேகத்தில் இரண்டு இறகு உதிர்ந்தது.

"பொய்!" என்றது உரல் மாமா. "ஆட்டுக்கல்லோட கொம்புல முத்திரையா? கொக்குக்கு ஆரம்பத்திலேருந்தே அந்த நரியைப் பிடிக்காது!"

"நான் சொல்றதை நம்பவேண்டாம் மாமா. உங்க மூக்கு சொன்னா நம்புவீங்களா?"

"என் மூக்கு பொய் சொல்லாது."

"அப்ப விடிஞ்சதும் மேட்டுக்குப் போகாதீங்க. நேரா என்கூடப் படகுக்கு வாங்க."

குந்தாணி சங்கடத்தில் நெளிந்தது. "விடிஞ்சதும் எனக்கு வந்துடுமே வெள்ளைச்சி! அடக்கிப் பழக்கமே இல்லையே!"

"உசுருக்காக ஒருநாள் அடக்குக்கா!"

மறுநாள் பொழுது விடிந்தது. பனி விலகவில்லை. வெள்ளைச்சி முன்னால் பறந்தது. பின்னால் குந்தாணி, அதன் வாலோரமாகக் குழவி, அப்புறம் உரல் மாமா, கடைசியில் அம்மி. யாரும் பேசவில்லை. பேசினால் ஆபத்து என்கிற நிலையில் எல்லார் வயிறும் இருந்தது.

அதே நேரம் வேட்டைக்காரர்கள் இரண்டு பேரும் மேட்டருகே புதருக்குள் படுத்திருந்தார்கள். அட்டை ஏறியது. சாணி ஈ மொய்த்தது.

"இருமாதேடா!"

"ஈ வாய்க்குள்ள போயிடுச்சுண்ணே!"

படகில் நரி காவல் இருந்தது. காவல் என்றால், கொம்புச் சாக்கின்மேல் மல்லாந்து குறட்டை விட்டது.

படகு கரையோரமாக, முட்டளவு தண்ணீரில் நின்றிருந்தது. குந்தாணி தண்ணீருக்குள் இறங்கி, மூக்கை நீட்டி மோந்தது. கருவாடு. நாவல்பழம். பீடி. பிறகு, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, மெல்லிசாக இன்னொன்று வந்தது. குந்தாணியின் காது இரண்டும் விறைத்து நின்றன.

"அண்ணன்..." என்றது.

உரல் மாமாவும் வந்து மோந்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாம் தடவை மோக்கவில்லை. அப்படியே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"ஆட்டுக்கல்லேதான்," என்றது. "என் கொம்புக்குப் பக்கத்துலயே வச்சிருக்கான்."

பிறகு குந்தாணி கேட்டது.

"மாமா, சொந்தக்காரங்க வாசனை எங்க இருக்கோ, அங்கதானே மேடு?"

"ஆமா."

"அப்ப மேடு இங்க வந்தாச்சு."

குந்தாணி மரியாதையாகத் திரும்பி நின்றது. வெள்ளைச்சிக்கு விஷயம் புரிந்துவிட்டது! தாவி முதுகில் ஏறியது.

"வரலாம்... வரலாம்... வலதுபக்கம் ஒடிச்சு... வரலாம்... போதும்க்கா!"

பொத்!

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது. ஒரு கூடை இரண்டு கூடை இல்லை. நரியின் தொந்தியில் விழுந்தது. நரி அலறிக்கொண்டு எழுந்தது.

"அக்கா! அக்கா! இது படகுக்கா!"

"நடுவுல பேசாதே," என்றது குந்தாணி. "வேலை நடக்குது."

ஒரு காண்டாமிருகம் மேட்டில் போட்டுவிட்டால், அந்த வாசனை பட்ட மற்றவற்றால் சும்மா இருக்க முடியாது. உரல் மாமா கம்பீரமாகத் திரும்பியது.

"மாமா! நான் உங்க நரி! சுழியன்!"

"தெரியும்டா. அதனாலதான் கொஞ்சம் பின்னாடி தள்ளி வர்றேன்."

பொத்! பொத்!

அடுத்தது அம்மி. ஏற்கனவே அதற்கு வயிற்றுக் கோளாறு. அதை விவரமாகச் சொல்லவேண்டாம். கடைசியில் குழவியும் திரும்பி நின்று, தன் பங்குக்கு ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வைத்தது.

"சபாஷ்டா!" என்றது வெள்ளைச்சி.

படகு மெல்ல மெல்ல இறங்கியது. ஓரத்துப் பலகைக்கு மேல் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பிறகு உள்ளே வந்தது. பிறகு படகு தரையில் உட்கார்ந்துவிட்டது. கழுத்தளவு சாணியில் நரி மட்டும் நின்றது. கொட்டாங்கச்சி மிதந்து போனது.

"ஊஊ!" என்று நரி ஊளையிட்டது.

சத்தம் கேட்டு வேட்டைக்காரர்கள் ஓடிவந்தார்கள். பனியில் ஒன்றும் தெரியவில்லை. மீசைக்காரன் நேராகப் படகுக்குள் காலை வைத்தான். இடுப்புவரை போனது. துப்பாக்கி கையிலிருந்து நழுவி எங்கேயோ உள்ளே புதைந்தது.

"அண்ணே, படகு எங்கண்ணே?"

"நான் நிக்கிறதுதான்டா படகு! கையைக் குடு!"

அந்தக் கை கிடைப்பதற்குள் குந்தாணிக்கு மனித வாசனை கிடைத்துவிட்டது. அண்ணன் செத்த இடத்தில் கிடந்த அதே வாசனை. அது தலையைத் தாழ்த்தி, தண்ணீரைச் சீறிக்கொண்டு பாய்ந்து வந்தது. கொம்பு முன்னால். முழுக் கொம்பு!

மீசைக்காரன் எப்படியோ பிய்த்துக்கொண்டு வெளியே வந்தான். இரண்டு பேரும் விழுந்தடித்து ஓடி, கண்ணில் பட்ட முதல் மரத்தில் ஏறினார்கள். அது முள் இலவமரம். அடியிலிருந்து உச்சிவரை முள்.

"ஆ! அண்ணே, குத்துது!"

"கீழே இறங்கினா இதைவிடப் பெருசாக் குத்தும்டா! ஏறு!"

குந்தாணி மரத்தடியில் நின்று, ஆற அமரப் புல்லை மேய ஆரம்பித்தது. வெள்ளைச்சி தன் இனத்தையெல்லாம் கூப்பிட்டது. நூறு கொக்கு அந்த மரத்தின்மேல் வட்டமடித்துக் கத்தின. அத்தனை கொக்கு ஒரே இடத்தில் கத்தினால் யாருக்குத்தான் காது கேட்காது? ஆற்றின் கீழ்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்த காவலர்கள் நாலு பேரும் படகோட்டி வந்து சேர்ந்தார்கள். ஆட்களைக் கண்டதும் காண்டாமிருகங்கள் புல்லுக்குள் விலகிக்கொண்டன. அந்தச் சந்தடியில் நரியும் சாணியிலிருந்து பிய்த்துக்கொண்டு புதருக்குள் ஓடிவிட்டது.

தலைமைக் காவலர் எபினேசர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு மேலே பார்த்தார்.

"ஒரு வருஷமாத் தேடுறோம். இப்படி வாசனையோடவா வந்து மாட்டணும்? இறங்குங்கப்பா, மெதுவா. முள்ளு பத்திரம்!"

அவர்களைக் கட்டினார்கள். படகைத் தோண்டினார்கள். ஐந்து கொம்பும் கிடைத்தன. ஆற்றில் கழுவிக் கரையில் வரிசையாக வைத்தார்கள். நாவல்பழக் கறை அசையவில்லை. ஐந்திலும் அதே ஊதாப் பாதம்.

பத்து நாள் கழித்து மேலிடத்து உத்தரவு வந்தது. ஆற்றங்கரையில் விறகை அடுக்கி, கொம்புகளை அதன்மேல் வைத்தார்கள்.

"எரிக்கத்தான் வேணுமாண்ணே?" என்று ஒரு காவலர் கேட்டார். "இதை வித்தா இன்னும் பத்து ஆளைக் காவலுக்குப் போடலாமே. நல்ல முறையில கிடைச்சதை மட்டுமாவது வித்தா என்ன?"

"நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு," என்றார் எபினேசர். "இந்த அஞ்சுல நல்ல முறையில கிடைச்சது எது? எடுத்துக் குடு, அதை மட்டும் வச்சுக்கிறேன்."

அந்தக் காவலர் ஐந்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு தீக்குச்சியை எடுத்து அவரே உரசினார்.

புகை எழும்பியது. புல்லுக்குள் நின்ற காண்டாமிருகங்களுக்கு முடி கருகுகிற நாற்றம் வந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. குந்தாணி மட்டும் மூக்கை உயர்த்தி, புகை தீரும்வரை அசையாமல் நின்றது. குழவி அதன் வயிற்றோடு ஒட்டி நின்றது.

அப்போது புதருக்குள்ளிருந்து நரி தலையை நீட்டியது. பத்து நாள் குளித்தும் வாசனை போகவில்லை. அதனால் அது வருவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"மாமா, திட்டம் நல்ல திட்டம்தான். ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. அடுத்த தடவை ரெண்டு பாதத்தையும் வைக்கிறேன். வேணும்னா வாலையும் வைக்கிறேன். யாராலும் ஏமாத்த முடியாது!"

உரல் மாமா அதைக் கோபிக்கவில்லை. மழுங்கிய மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு சொன்னது:

"உன் பாதம் மட்டும் தப்பு இல்லடா சுழியா. உசுரு தங்கட்டும்னு நான் ரெண்டு கொம்பு குடுக்க வச்சேன். அந்த ரெண்டுக்கு நடுவுலதான் என் மருமகன் கொம்பை ஒளிச்சு வச்சு விக்கப் பார்த்தாங்க. நான் குடுக்காம இருந்திருந்தா, அவங்களுக்கு ஒளிக்க இடமே இருந்திருக்காது."

பிறகு அது குந்தாணியின் பக்கம் திரும்பியது. "தாயி, உன் கொம்பைக் குடுக்கச் சொல்லி நானும் ஜாடையாச் சொன்னேன், இல்லையா?"

"சொன்னீங்க மாமா."

"நீ கேக்காம இருந்தியே, அது பெரிய புண்ணியம். வெள்ளைச்சி, இங்க வா. என் முதுகுலயும் நிறைய உண்ணி இருக்கு."

வெள்ளைச்சி பறந்து வந்து உரல் மாமாவின் முதுகில் உட்கார்ந்தது. "என்னமோ சொன்னியேன்னு கேப்பீங்களே, இப்பக் கேளுங்களேன்!" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, உண்ணியைப் பொறுக்கியது.

உயிரைப் பறித்து எடுக்கிற பொருளுக்கு நல்லெண்ணத்தோடு ஒரு சந்தையைத் திறந்துவிட்டாலும், தந்த பொருளின் மறைவில் திருடிய பொருள்தான் அங்கே அதிகம் விற்பனையாகும்.